லோறன்சின் கோட்

நாலு பொத்தான் கழன்றுவிட்டது. ஐந்தாவது கழலவில்லை.

"கழரு சனியனே, கழரு!"

பல் வைத்திய நிலையத்தின் பின்பக்கக் கிணற்றடியில் நின்று உதவியாள் ஐயாத்துரை கோட்டோடு மல்லுக்கட்டினான். வவுனியாக் கடைவீதி முடக்கில் டொக்டர் செல்வநாயகத்தின் கார் ஹோர்ன் கேட்டது. இன்னும் ஒரு நிமிடம். அதற்குள் கோட் அதன் கொழுவியில் தொங்காவிட்டால் பதினொரு வருட வேலை போய்விடும்.

ஏனென்றால் அது அவனுடைய கோட் அல்ல. லோறன்சின் கோட்.

மூன்று கிழமைக்கு முன்தான் லோறன்ஸ் முல்லைத்தீவிலிருந்து வேலைக்கு வந்தான். வந்த அன்றே டொக்டர் அவனை அறைக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். வெளியே வந்தபோது லோறன்சின் உடம்பில் கழுத்துவரை பூட்டிய வெள்ளைக் கோட். கைகளில் கவர்னர் போடுவதுபோல வெள்ளைத் துணிக் கையுறை. யன்னலோரம் தனிக் கதிரை வேறு!

ஐயாத்துரைக்கோ வந்த நாளிலிருந்து அதே காக்கிச் சட்டை.

போதாததற்கு டொக்டரின் கட்டளை: "ஐயாத்துரை, அவர் அட்டை எழுதிற வேலை மட்டும் பாக்கட்டும். சனத்தின்ர வாயில கை வைக்கவேண்டாம். பின்னேரம் அவற்ற கோட்டைத் தனியா அரை மணித்தியாலம் அவிச்சு எடும். தடியால தூக்கிப் போடும். உம்மட கை படக்கூடாது."

அன்றிரவு ஐயாத்துரை சோற்றுக் கோப்பையைத் தள்ளிவைத்தான்.

"கை படக்கூடாதாம்! பதினொரு வரியம் சனத்தின்ர எச்சில் கழுவின கையப்பா இது!"

"அவன்ர கோட்டை அவிச்சுக் குடுக்க உங்களுக்கு வெக்கமில்லையே?" என்றாள் மனைவி அன்னபாக்கியம்.

அந்தக் கேள்வி நெஞ்சில் தைத்தது. அடுத்த நாள் முதல் ஐயாத்துரை கோட்டை அவிக்கவில்லை. போட்டான். பின்னேரம் லோறன்ஸ் போனதும் மாட்டிக்கொண்டு சைக்கிளில் வீட்டுக்கு. காலையில் எல்லாருக்கும் முதல் வந்து மறுபடி கொழுவியில்.

வழியில் ஒரு வாத்தியார் சைக்கிளை விட்டு இறங்கி நின்றார்.

"டொக்டர், கடைவாய்ப் பல் ஒண்டு குத்துது..."

"உப்புத் தண்ணியில கொப்பளியுங்கோ" என்று சொல்லிவிட்டு ஐயாத்துரை மிதந்து போனான்.

அன்னபாக்கியம் கோட்டின் கையைத் தடவிப் பார்த்தாள். "இப்பதான் மனிசன் மாதிரி இருக்கிறியள்."

அவளுடைய தம்பி பரமலிங்கத்துக்கு வயிறு எரிந்தது. "அத்தான், ஒருக்காத் தாங்கோ. ஸ்ரூடியோவில ஒரு படம் எடுத்திட்டு ஓடி வாறன்."

படம் எடுக்கும்போது பரமலிங்கத்தின் வண்டி வயிறு தள்ளி ஐந்தாவது பொத்தான் தெறித்தது. அன்னபாக்கியம் அதை நெல்லுச் சாக்குத் தைக்கிற நூலால் தைத்தாள். தைத்த தையலில் பொத்தான் ஓட்டையும் சேர்ந்து அடைபட்டுப்போனது. அவசரத்தில் அதைப் பார்க்காமல் இன்று காலை ஐயாத்துரை தலைவழியே மாட்டிக்கொண்டு வந்துவிட்டான்.

இடையில் ஒரு சின்னத் தொல்லை. வயலில் சூடடிப்பு, கதிரிலிருந்து நெல் உதிர்க்கிற காலம். வீட்டில் எல்லாரும் சொறிந்தார்கள். "நெல்லுச் சுணை" என்றாள் அன்னபாக்கியம். வயல் பக்கம் போகாத பரமலிங்கமும் சொறிந்தான். "காத்தில வருது" என்றான்.

கார் வாசலில் நின்றது.

ஐயாத்துரை தலைவழியே கழற்றப் பார்த்தான்; வியர்வையில் ஒட்டிய கோட் தோளில் சிக்கியது. பிடித்து இழுத்தான். பர்ர்ர்! பொத்தான் துணியோடு பிய்ந்து கிணற்றுக்குள் விழுந்தது. கிழிந்த கோட்டை எங்கே ஒளிப்பது? அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்த தண்ணீர்க் கிடாரத்துக்குள் போட்டு மூடினான்.

"லோறன்சின்ர கோட் எங்க?" பின்னால் டொக்டர்.

"அவியுது ஐயா."

"காலமையுமா? நல்லது. இனி அது லோறன்சுக்குத் தேவையில்லை."

ஐயாத்துரையின் காதில் தேன் பாய்ந்தது. பறித்துவிட்டார்கள்! இந்தத் தருணத்தை விட்டால் இனி இல்லை.

"ஐயா, அப்ப எனக்கு ஒண்டு தாங்கோவன்" என்றான், மணிக்கட்டைச் சொறிந்துகொண்டு.

டொக்டர் அந்தக் கையையே பார்த்தார். "கையைக் காட்டும். விரலை விரியும். ம்... எவ்வளவு காலமா?"

"பதினொரு வரியம் ஐயா."

"பதினொரு வரியமா!" டொக்டர் ஒரு அடி பின்னுக்குப் போனார். "ஏன் ஒரு நாளும் சொல்லேல்லை?"

"வாய் திறந்து கேக்கிற பழக்கம் இல்லை ஐயா. எல்லாத்தையும் பொறுத்துக்கொண்டு கிடந்தனான்."

"வீட்டு ஆக்கள்?"

"அவையும் என்னைப்போலதான் ஐயா. நாளும் பொழுதும் ஆக்கினை, நிம்மதியில்லை."

"சரி, சரி. எல்லாரையும் இண்டைக்கே இஞ்ச வரச்சொல்லும்."

டொக்டர் அலுமாரியைத் திறந்து புதுக் கோட் ஒன்றும் வெள்ளைக் கையுறையும் கொடுத்தார். "யன்னலடிக் கதிரையில இரும். ஒருத்தரின்ர வாயிலயும் கை வைக்கவேண்டாம்."

ஐயாத்துரையின் கண் கலங்கியது. அந்தக் கதிரை! வீட்டுக்கு ஆள் அனுப்பினான். "எல்லாரும் நல்ல உடுப்போட வரட்டாம். டொக்டர் ஐயாவே கூப்பிடுறார்."

பதினொரு மணிக்கு மாட்டுவண்டி வந்து நின்றது. காஞ்சிபுரப் பட்டுச் சேலையில் அன்னபாக்கியம். புதுச் சால்வையோடு பரமலிங்கம். பக்கத்து வீட்டார் நாலு பேர். நீள வாங்குப் பலகையில் வரிசையாக இருந்து, வெள்ளைக் கோட்டைப் பார்த்துப் பார்த்துப் பூரித்தபடி சொறிந்தார்கள்.

அப்போது லோறன்ஸ் உள்ளே வந்தான். காக்கிச் சட்டை. கையுறை இல்லை. கையில் ஒரு தகர டப்பா.

ஐயாத்துரை கதிரையில் கால்மேல் கால் போட்டான். எல்லாருக்கும் கேட்கக் கேட்டான்: "என்ன தம்பி, உம்மைக் காக்கிக்கு இறக்கிப்போட்டினமோ?"

லோறன்ஸ் சந்தோஷமாகச் சிரித்து, டப்பாவை மேசையில் வைத்தான்.

"ஓம் அண்ணை, எனக்குச் சொறி முழுக்க மாறீட்டுது, மிச்ச மருந்தை உங்களுக்கும் வீட்டாருக்கும் பூசச் சொல்லி டொக்டர் தந்தவர்."