திரையில் நான்கு டாமி

புதுத் திரையில் நான்கு வரி இருந்தது. நான்கிலும் "டாமி" என்றே இருந்தது. எதிரே பெஞ்சை ஒட்டி நான்கு நாய்கள் காத்திருந்தன.

திரையைச் செய்து மாட்டிய மாப்பிள்ளை கீபோர்டின் மேல் குனிந்தார். அந்தக் கால்நடை மருத்துவமனையின் டாக்டர் அவருடைய மாமியார். "பத்து மணிக்குத் திரை ஒழுங்கா ஓடலேன்னா மறுபடி கரும்பலகைதான்" என்று முதல் நாளே சொல்லிவிட்டார். வேலையை உதறிவிட்டு, சொந்தமாக வெப்சைட் செய்து கிழிக்கப்போவதாக ஆறு மாதமாக வீட்டில் அளந்துகொண்டிருந்தவருக்குக் கிடைத்த முதல் வேலை இது. மணி ஒன்பதே முக்கால்.

"சார், ஒரு விஷயம்..." என்றாள் சீட்டு பதிகிற பெண்.

"இருங்கம்மா, கண்டுபிடிச்சுட்டேன். குளோபல் வேரியபிள்!"

"அப்படின்னா?"

"பேரைப் போட்டு வைக்க ஒரு டப்பா. அதைப் பொதுவுல வெச்சுத் தொலைச்சிருக்கேன். ப்ரோக்ராம்ல வேலை பார்க்கிற எந்த ஃபங்ஷன் வேணும்னாலும் அதுல கையை விடலாம். கடைசியா வந்த டாமி முன்னாடி இருந்த பேரையெல்லாம் அழிச்சிடுச்சு. டப்பாவை ஃபங்ஷனுக்குள்ள வெச்சுட்டா தீர்ந்தது."

வைத்தார். நான்கு டாமியும் அசையவில்லை. திரையின் தலைப்பில் இருந்த டாக்டர் பெயர்தான் காணாமல் போயிற்று. அதுவும் அதே டப்பாவிலிருந்துதான் வந்துகொண்டிருந்தது.

"சார், நான் என்ன சொல்ல வர்றேன்னா..."

"குறுக்க பேசாதீங்கம்மா, இது கோடிங்!"

டப்பாவை மறுபடி வெளியே எடுத்தார். அதோடு விட்டாரா? டாக்டர் பெயரை டப்பாவிலிருந்து கடைசியில் எடுக்கும்படி வரிசையையும் மாற்றினார். அதற்குள் நாய்ப் பட்டியல் டப்பாவுக்குள் டாமியைப் போட்டுத் தன் கைவரிசையைக் காட்டிவிட்டது. திரை பெரிய எழுத்தில் அறிவித்தது: "டாக்டர் டாமி".

கதவு திறந்தது. மாமியார் திரையைப் பார்த்தார். பிறகு மாப்பிள்ளையைப் பார்த்தார்.

"மாப்பிள்ளை, இன்னிக்கு நான் ஊசி போடணுமா, போட்டுக்கணுமா?"

"அத்தை, அது வந்து... பேரெல்லாம் ஒண்ணோட ஒண்ணு மோதுது. ஒரு டாமி மத்த மூணு பேரையும் முழுங்கிடுச்சு."

மாமியார் மேஜை இழுப்பறையைத் திறந்து சாக்பீஸைத் தேடினார். மாப்பிள்ளைக்கு அழுகையே வந்துவிடும் போலிருந்தது.

"யாரும் யாரையும் முழுங்கல மேடம்," என்றாள் சீட்டு பதிகிற பெண். "வந்திருக்கிற நாலுக்குமே பேரு டாமிதான். அவங்கவங்க வீட்டுக்குள்ள இருக்கிற வரைக்கும் ஒரு குழப்பமும் இல்ல. பொதுவுல கூட்டிட்டு வந்தாத்தான் வம்பு!"