மாமாவின் காருக்குக் கண் மங்கிய விவகாரம்

மார்க்கையன்கோட்டை,
சனிக்கிழமை, விடிகாலை.

மதிப்பும் பாசமும் மிக்க விஜயபாண்டி மாமா அவர்களுக்கு,

உங்கள் அக்கா மகள் மகாலட்சுமி வணக்கத்துடன் எழுதுவது. இங்கே மூன்று பேரும் சுகம். ஓசூரில் நீங்களும் அத்தையும் அவ்விதமே இருப்பீர்கள் என்று நம்பிக்கொண்டு காரியத்துக்கு வருகிறேன். போன் இருக்கக் கடிதம் எதற்கு என்று நினைப்பீர்கள். இந்த வீட்டில் போன் எப்போதும் ஸ்பீக்கரில்தான் பேசும். இது அப்பா காதில் விழக்கூடாத விஷயம்.

நீங்கள் எனக்குக் கொடுத்த காரை அப்பா விற்கப்போகிறார். நாளை வடுகபட்டியிலிருந்து புரோக்கர் வருகிறார். ஹெட்லைட் மங்கியதுதான் காரணம். தேனியில் கல்லூரி நூலகத்தைப் பூட்டிவிட்டுக் கிளம்பினால் வீரபாண்டி தாண்டும்போதே இருட்டிவிடும். போன மாதம் வைக்கோல் ஏற்றிய டிராக்டர் ஒன்றைப் பத்தடி தூரத்தில்தான் பார்த்தேன். உண்மையைச் சொல்வது நல்லது என்று படித்ததை நம்பி அதை வீட்டில் சொல்லித் தொலைத்தேன். இனிமேல் பஸ்தான் என்று அன்றே தீர்ப்பாகிவிட்டது. பஸ்மேல் எனக்கு ஒன்றும் கோபமில்லை, மாமா. ஆனால் காலையிலிருந்து ராத்திரிவரை யாராவது பக்கத்தில் இருந்துகொண்டே இருக்கிறார்கள். காரில் வரும் அந்த முக்கால் மணி நேரம்தான் நான் யாருக்கும் பதில் சொல்லாமல் இருக்கிற நேரம்.

தீர்ப்புக்குப் பிறகு வைத்தியம் தொடங்கியது. விற்கிற வண்டி பார்க்க லட்சணமாக இருக்கட்டும் என்று அப்பா பற்பசை போட்டு லைட்டுக் கண்ணாடியைத் தேய்த்தார். ஒரு முழு ட்யூப். கண்ணாடி பளபளத்தது, வெளிச்சம் கூடவில்லை, மறுநாள் நாங்கள் வேப்பங்குச்சியில் பல் துலக்கினோம். அடுத்து, முப்பது வருடம் லாரி ஓட்டிய எதிர்வீட்டு ஒச்சாண்டி பெரியப்பா வந்து, பல்புக்கு வயசாகிவிட்டது என்று இரண்டு மடங்கு வாட்ஸ் உள்ள பல்பை மாட்டினார். வெளிச்சம் முன்னைவிடக் குறைந்தது. அவர் பல்புக் கம்பெனிக்காரனைத் திட்ட, கோளாறு பேட்டரியில்தான் என்று அப்பா பேட்டரியை மாற்ற, கடைசியில் ஹார்ன் மட்டும் ஊரை எழுப்புகிற மாதிரி ஆனது. வாராவாரம் காருக்கு எலுமிச்சம்பழமும் மிளகாயும் கட்டுகிறவள் அம்மா. வெளியே தொங்கினால் ஆடு தின்றுவிடுகிறது என்று பானட்டுக்குள் கட்டுவாள். அந்த வாரம் ஒரு பழத்தை மூன்றாக உயர்த்தினாள்.

வியாழக்கிழமை அரை நாள் லீவு போட்டுவிட்டுப் பழனிசெட்டிபட்டியில் ஜேசுராஜ் என்ற ஆட்டோ எலக்ட்ரீசியனிடம் காரைக் கொண்டுபோனேன். என் வயதுதான் இருக்கும். தோளுக்கும் காதுக்கும் நடுவே போனை இடுக்கி, மனைவியோடு மீன்குழம்பைப் பற்றி வாதாடிக்கொண்டே வேலை பார்த்தார். இண்டிகேட்டரைப் போடச் சொல்லிச் சைகை காட்டினார். அது துடிக்கும்போதெல்லாம் ஹெட்லைட்டும் கூடவே துடித்தது. போனில் புளியைக் குறைக்கச் சொல்லிவிட்டு, ஒரு துண்டு ஒயரின் ஒரு முனையைப் பேட்டரியின் மைனஸில் வைத்தார், மறுமுனையால் லைட்டுக்குப் பின்னால் தொட்டார். மாமா, எதிர்ச்சுவர் முழுக்க வெள்ளை எழுந்தது. கண்ணீர் அஞ்சலி போஸ்டரில் இருந்த மனிதர் கண்கூசி முகத்தைச் சுளித்தார் என்றே நினைத்தேன். ஒயரை எடுத்தார், மங்கியது. தொட்டார், எழுந்தது. நான் வாயை மூட மறந்து நின்றேன். என்னிடம் அவர் பேசியது இவ்வளவுதான்:

"கரண்டு நல்லாத்தான் போகுது மேடம். திரும்பி வரத்தான் வழியில்ல. எர்த்து போச்சு."

லைட்டின் எர்த் ஒயர் காரின் உடம்போடு சேருகிற போல்ட்டைக் காட்டினார். பச்சையும் வெள்ளையுமாகப் பொரிந்து கிடந்தது. அதற்கு நேர் மேலே, சொட்டிக்கொண்டு, அம்மாவின் மூன்று பழங்கள். அவற்றை அவிழ்த்துப் போட்டார். ஒரு பத்தாம் நம்பர் ஸ்பானர், ஒரு துண்டு உப்புத்தாள், ஐந்து நிமிடம், அவ்வளவுதான். வெளிச்சம் என்றால் முன்னால் போவது என்று மட்டும்தான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். போனது திரும்பி வந்தால்தான் விளக்கே எரியும் என்பது, அலமாரி அலமாரியாகப் புத்தகம் படித்த எனக்குத் தெரியாது. ஊர் வந்து சேரும்வரை அதையேதான் நினைத்துக்கொண்டு வந்தேன்.

பொழுது சாய்ந்ததும் அப்பாவை ஏற்றிக்கொண்டு வயல் ரோட்டுக்குப் போய் லைட்டைப் போட்டேன். நட்ட நாற்று ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிந்தது. வாய்க்கால் தண்ணீர் நகர்வது தெரிந்தது. ஒற்றைக்காலில் நின்ற கொக்கு ஒன்று, விடிந்துவிட்டது போல, காலை மாற்றிக்கொண்டது. அப்பா முன்கண்ணாடிப் பக்கம் குனிந்து கையை நீட்டினார்.

"ஏத்தா, அங்கன ஒரு புளியமரம் நிக்கிதே. அது எப்ப வந்துச்சு?"

நாற்பது வருடமாக அந்த வழியில் போய்வருகிறவர் அவர். நான் ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். வீட்டில் இறங்கும்போது சொன்னார்: "இம்புட்டு வெளிச்சம் இருந்தா நல்ல வெலைக்குப் போகும்த்தா. வரச் சொன்ன ஆள வேணாம்னு சொல்ல முடியாதுல்ல."

மாமா, அப்பா பேச்சுக் கேட்கிற ஒரே ஆள் நீங்கள்தான். இதைப் படமெடுத்து வாட்ஸப்பில் அனுப்புகிறேன். படித்ததும் தற்செயலாகப் போன் செய்கிறவர் மாதிரி போன் செய்து, அந்தக் கார் வீட்டிலேயே இருக்கட்டும் என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். அத்தைக்கு என் வணக்கம். உங்கள் இருவர் ஆசியும், முக்கியமாக அந்தப் போனும், எனக்கு வேண்டும்.

பணிவுள்ள,
மகாலட்சுமி

பின்குறிப்பு: போன் செய்ய வேண்டாம். கையெழுத்துப் போட்டு நிமிர்கிறேன், புரோக்கர் ஒரு நாள் முந்தியே வாசலில் நிற்கிறார். அவர் காபி குடித்து முடித்ததும் அப்பா பெருமையாக ஷெட்டுக்குக் கூட்டிப்போய் லைட்டைப் போட்டார். சுவரில் அகல்விளக்கு அளவுக்கு ஏதோ மஞ்சளாக விழுந்தது. "கண்ணு தெரியாத வண்டிய நான் எங்கிட்டுக் கொண்டுபோய்த் தள்ள?" என்று சொல்லிவிட்டுப் புரோக்கர் போய்விட்டார். பழத்தை அவிழ்த்ததால் வந்த வினை என்கிறாள் அம்மா. இது நம்மை விட்டுப் போகாத வண்டி என்று அப்பாவும் ஒத்துக்கொண்டார். பத்தாம் நம்பர் ஸ்பானர் ஒன்றை நான் வியாழக்கிழமையே வாங்கி வைத்திருந்தேன். காபி ஆறுகிற நேரத்துக்குள் அந்த எர்த் போல்ட்டை இரண்டரைச் சுற்று தளர்த்தினால் போதும். சாயங்காலம் அம்மா புதுப்பழம் கட்டுவாள், நான் போல்ட்டை இறுக்குவேன், வெளிச்சம் வந்ததற்குப் பெயரைப் பழமே வாங்கிக்கொள்ளட்டும். கட்டுகிற இடம் மட்டும் பம்பர். ஆட்டை நான் பார்த்துக்கொள்கிறேன்.