டாக்டர் வரைந்த வீடு

அன்புள்ள தம்பிக்கு,

அண்ணன் எழுதுவது. இங்கு எல்லோரும் நலம் என்றுதான் முதல் வரியில் எழுத வேண்டும், எழுதிவிட்டேன். மற்றதைக் கீழே படி. போனில் பேசினால் மருமகள் காதில் விழும், அதனால்தான் கடிதம்.

பேத்தியைப் பார்க்க வந்து ஐந்து வாரமாகிறது. முதல் இரண்டு வாரம் அந்த நாலு மாதக் குழந்தை என் மடியை விட்டு இறங்கவில்லை. பிறகு விரலிடுக்கில் கொஞ்சம் அரித்தது, சொறிந்தேன். மனுஷனுக்கு அரிக்காதா? மருமகள் பார்த்துவிட்டாள். அன்றிலிருந்து எனக்குத் தனித் துண்டு, தனி டம்ளர், சோபாவில் நான் உட்காரும் மூலைக்கு மட்டும் ஒரு பழைய பெட்ஷீட். "தப்பா நினைக்காதீங்க மாமா, டாக்டர் பாத்துச் சொல்லட்டும்" என்று சிரித்துக்கொண்டே சொல்கிறாள். உன் அருமை அண்ணன் மகனோ லேப்டாப்பிலிருந்து தலையைத் தூக்காமல் "அவ சொல்றது கரெக்ட்தான்ப்பா" என்கிறான். குழந்தை என்னைப் பார்த்துக் கையையும் காலையும் உதைக்கிறது. நான் ஆறடி தள்ளி நின்று தலையை ஆட்டிக் காட்டுகிறேன். உன் அண்ணி இருந்திருந்தால் என்னை இப்படி ஒதுக்கி வைக்க யாருக்காவது தைரியம் வந்திருக்குமா? நீ கொடுத்தனுப்பிய போர்வையைப் போர்த்திக்கொள்ளும்போதுதான் நமக்கென்று ஒருத்தன் இருக்கிறான் என்று மனசு ஆறுகிறது.

இன்று காலை தோல் டாக்டரிடம் போனேன், தனியாகத்தான். மகனுக்கு மீட்டிங், மருமகளுக்குக் குழந்தை. போனில் மொழிபெயர்ப்பு இருக்கிறதாம். முப்பத்திரண்டு வருஷம் பஸ் டிப்போவில் டைம்கீப்பராக இருந்து எத்தனையோ டிரைவர்களை வாயாலேயே அடக்கியவனுக்குப் பேசப் போன் எதற்கு என்று சட்டைப்பையிலேயே வைத்துவிட்டேன். இந்த ஊர் பாஷையில் எனக்கு நாலு வார்த்தை தெரியும்: வணக்கம், நன்றி, மன்னிக்கவும், தண்ணீர். நாலையும் வரவேற்பில் இருந்த பெண்ணிடம் ஒரே மூச்சில் சொன்னேன், தண்ணீர் கொடுத்தாள். பத்து இருபது என்றால் பத்து இருபதுக்கே கூப்பிடுகிறார்கள், தாமதமானால் நாலு வார்த்தை திட்டலாமென்று இருந்தேன், அதற்கும் வழியில்லை. பெரிய மனுஷரைப் பார்க்கப் போகிறோமே என்று குளித்துவிட்டுக் கழுத்து, கையெல்லாம் பவுடர் போட்டுக்கொண்டு போனேனா, நர்ஸ் அதையே வியாதி என்று நினைத்து உச்சுக்கொட்டிவிட்டு, ஈரத்துணியால் துடைத்துத் துடைத்துக் கடைசியில் என்னைக் கண்டுபிடித்தாள்.

டாக்டருக்குச் சின்ன வயசு. விரலிடுக்கைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். ஏதோ கேட்டார், நன்றி என்றேன். இன்னொன்று கேட்டார், மன்னிக்கவும் என்றேன். அப்புறம் மகன் முன்பதிவில் எழுதியிருந்த வீட்டு விவரத்தைக் கம்ப்யூட்டரில் பார்த்துவிட்டு ஒரு தாளை எடுத்து வீடு வரைந்தார். உள்ளே ஒரு கிழவன், ஒரு ஆண், ஒரு பெண், ஒரு குழந்தை. நாலு பேரையும் சேர்த்து ஒரே வட்டம் போட்டார், அதன் மேலேயே இன்னொரு தடவை அழுத்திப் போட்டார். தம்பி, எனக்குக் கண் கலங்கிவிட்டது. இந்தக் கிழவனைக் குடும்பத்திலிருந்து பிரிக்காதே என்று யாரோ ஒரு அந்நியனுக்குத் தோன்றுகிறது, பெற்ற பிள்ளைக்குத் தோன்றவில்லை. அவர் கையைப் பிடித்துக் குலுக்கினேன். அவர் உடனே போய் இரண்டு தடவை சோப்புப் போட்டுக் கழுவினார், சுத்தமான ஆள். ஒருத்தனுக்கு இவ்வளவு எதற்கென்று தெரியவில்லை, ஒரு பை நிறையக் களிம்பும் கொடுத்தார்கள்.

வீட்டுக்கு வந்ததும் அந்தத் தாளை மருமகள் கையில் கொடுத்து, "பாத்துக்கம்மா, எல்லாரும் ஒண்ணா இருக்கணும்னு டாக்டரே சொல்லிட்டார்" என்றேன். அவள் தாளைத் திருப்புவதற்குள் குழந்தையைத் தூக்கிக் கன்னத்தோடு கன்னம் வைத்துக்கொண்டேன், மூணு வாரம் கழிச்சு. அவள் தாளை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். தோற்றவர்கள் என்ன பேசுவார்கள்? ஊருக்குக் கிளம்ப இன்னும் பதினோரு நாள் இருக்கிறது. அதுவரை இந்த வீட்டில் குழந்தையோடு மட்டும்தான் எனக்குப் பேச்சு. வந்ததும் நேராக உன் வீட்டுக்குத்தான்.

உன் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் என் ஆசிகள்.

உன் தோளில் கைபோட்டு உட்காரக் காத்திருக்கும்
அண்ணன்

பி.கு.: உறையை ஒட்டுவதற்குள் மருமகள் வந்து தாளின் பின்பக்கத்தில் டாக்டர் எழுதியிருந்ததைப் படித்துக் காட்டினாள். எனக்கு வந்திருப்பது சிரங்கு. தொட்டால் ஒட்டிக்கொள்ளும். வட்டம் போட்டது, வீட்டிலுள்ள நாலு பேரும் ஒரே நாளில் களிம்பு பூச வேண்டும் என்பதற்காம். குழந்தையின் மணிக்கட்டில் இரண்டு சிவப்புப் புள்ளி. நேத்தே பாத்துட்டாளாம், நான் தாங்கமாட்டேன்னு சொல்லலையாம். அவள் குழந்தையை என் மடியில் வைத்து, "இனிமே எல்லாருக்கும் ஒரே மருந்துதானே மாமா, நீங்களே பூசிவிடுங்க. உங்ககிட்டன்னா அழாம இருப்பா" என்றாள். இந்தக் கடிதத்தில் பிசுபிசுப்பது அந்தக் களிம்புதான். மேலே எழுதியதையெல்லாம் கிழித்துப் போட்டிருப்பேன், ஆனால் ஒன்று ஞாபகம் வந்தது: கிளம்புவதற்கு முன் உன் வீட்டில் தங்கிய பத்து நாளும் நீ இடுப்பைச் சொறிந்துகொண்டேதான் இருந்தாய். உன் போர்வை கறுப்புப் பையில் கட்டி வாசலில் கிடக்கிறது. ஒழுங்காக டாக்டரிடம் போ. உனக்குப் பாஷை தெரியும்.