கையும் குப்பையுமாக

நெருப்பு, சக்கரம் இரண்டுக்கும் பிறகு மனித குலம் கண்ட மாபெரும் முன்னேற்றம் எங்கள் தெருவின் 'தூய்மைக் காவல் குழு' என்பதை அடக்கத்தோடு தெரிவித்துக்கொள்கிறேன். நான் அதன் செயலாளர். தலைவர் ஓய்வுபெற்ற வங்கி மேலாளர். தெருமுனைக் கடைகளுக்குச் சொந்தக்காரர். உடல் உழைப்பு ஒன்றைத் தவிர மற்ற எல்லாவற்றையும் தெருவுக்கு வாரி வழங்கியிருக்கிறோம்: கருத்து, கைதட்டல், பச்சைத் தொப்பி.

எங்கள் சாதனைக்குத் தெருமுனையே சாட்சி. விடியும்போது அங்கே குப்பை மலையாகக் குவிந்திருக்கும். கடை திறக்கிற நேரத்துக்குத் துடைத்துவிட்டாற்போல் இருக்கும். எப்படி என்று நாங்கள் துருவவில்லை. "எல்லாம் நம்ம குழுவோட தாக்கம்" என்று தலைவர் சொல்லிவிட்டார்.

ஒருநாள் கூட்டத்துக்கு முனைக்கடைத் தையல்கார அம்மா வந்தார். தலைவரின் கடையில் வாடகைக்கு இருப்பவர்.

"அண்ணே, குப்பை போடறவங்களைக் கொஞ்சம் கண்டிங்க. எத்தனை தடவை கழுவினாலும் வாசல் நாறுது. தைக்கிற துணியில வாடை ஏறுது. அளவு கொடுக்க வர்றவங்க மூக்கைப் பொத்திக்கிட்டு அப்படியே திரும்பிடறாங்க. இந்தக் கடையும் போச்சுன்னா நானும் என் பொண்ணும் நடுத்தெருவுலதான்."

"நடுத்தெருவும் நம்ம குழு எல்லைக்குள்ளதாம்மா வருது. கவலைப்படாதீங்க" என்று தலைவர் ஆறுதல் கூறினார்.

குற்றவாளியைக் கையும் குப்பையுமாகப் பிடிக்க முனையில் கேமரா பொருத்தினோம். ஒரு வாரம் கழித்து, தலைவர் வீட்டுக் கூடத்து டிவியில் பதிவைப் போட்டோம். தையல்கார அம்மாவும் கதவோரம் உட்கார்ந்திருந்தார்.

திரையில் முதலில் ஒரு பைஜாமா வந்தது. அதற்குள் எங்கள் பொருளாளர் இருந்தார். கையில் வீங்கிய பை.

"அது நானில்ல. என்னை மாதிரி ஒருத்தர்."

"நம்ம குழுத் தொப்பி போட்டிருக்கீங்களே சார்!"

"தொப்பியோட செஞ்சா அது குழுப்பணி."

அடுத்து தலைவரின் மருமகள் வந்தார். அதற்கடுத்து என் மனைவி. பையைக் கொடுத்தனுப்பியவன் நானே என்பதால் எனக்கு அவளை அடையாளம் தெரியவில்லை.

பிறகு திரையில் தையல்கார அம்மா வந்தார். மூக்கில் துணியைக் கட்டிக்கொண்டு, எங்கள் பைகளை ஒவ்வொன்றாகத் தள்ளுவண்டியில் ஏற்றி, குப்பை லாரி நிற்கும் இடத்துக்குத் தள்ளிக்கொண்டு போனார். திரும்பி வந்து கூட்டினார், தண்ணீர் ஊற்றிக் கழுவினார். மறுநாள் பதிவிலும் அதே. அதற்கு மறுநாளும் அதே.

தலைவரின் முகம் மலர்ந்தது. "எல்லாரும் நல்லாப் பாருங்க. நம்ம கையில குப்பை இருக்கறது கண் சிமிட்டற நேரம். இந்தம்மா கையில? தினமும் அரை மணி நேரம்!"

"கூச்சமே இல்லாம எடுக்கறாங்க சார். பழகின கை" என்றார் பொருளாளர்.

"நீங்க போட்டதைத்தானேண்ணே நான் அள்ளினேன்?"

"எதிர்க்கேள்வி வேண்டாம்மா. கேமரா பொய் சொல்லாது. மாசக் கடைசியில கடையைக் காலி பண்ணிடுங்க."

அந்த அம்மா என்னைப் பார்த்தார். எனக்கு உடம்பெல்லாம் கூசியது. செயலாளர் கூசக்கூடாது என்பதால் தலையைக் குனிந்துகொண்டேன்.

சொன்னபடியே காலி செய்தார். தையல் மெஷினை வண்டியில் ஏற்றி, மகள் ஒரு பக்கம் பிடித்துக்கொள்ள, தள்ளிக்கொண்டே போனார். குற்றமற்ற தெரு உதயமானதைக் கொண்டாடி நாங்கள் தொப்பியோடு நின்று கைதட்டினோம்.

இப்போது குப்பை அந்தக் கடையின் ஷட்டரைப் பாதி மறைத்துவிட்டது. நேற்று அவசரக் கூட்டம்.

"போனவங்க அவங்க குப்பையை எடுத்துட்டுப் போயிருக்க வேணாமா? பொறுப்பே இல்லையே!" என்று கொதித்தார் தலைவர்.

கண்டனத் தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. எழுதியவன் நான்தான். வாசகம் சரியாக அமையாமல் இரண்டு தாள்களைக் கசக்கினேன். வீட்டுக்குத் திரும்பும்போது அவற்றை முனையில் வீசிவிட்டு நடந்தேன். போடுவதற்கு நாங்கள் எல்லோரும் இருக்கிறோம். அள்ளுவதற்கு இருந்த ஒரே ஆளைத்தான் துரத்திவிட்டோம்.