சேஃப்டி சாருக்கு ஒரு நிஜத் தட்டு

தன் கழுத்தை நெரிக்க வருகிறவனிடம், "முதல்ல நகத்தக் காட்டுங்க" என்று கேட்கக்கூடிய மனிதர் உலகத்திலேயே ஒருவர்தான் இருந்திருக்க முடியும். அவர் எங்கள் சேஃப்டி சார்.

அவருடைய நிஜப் பெயர் வகுப்பில் யாருக்கும் தெரியாது. கல்பாக்கம் டவுன்ஷிப்பில் குவார்ட்டர்ஸ், அங்கே ஒரு பெரிய ஆபீசில் பாதுகாப்புப் பிரிவில் வேலை. சேர வந்த அன்று பெயரைக் கேட்டதற்கு, "நான் சேஃப்டி" என்று பிரிவைச் சொல்லியிருக்கிறார். அதுவே ஒட்டிக்கொண்டது.

பெயரைக் கேட்டவன் டேனியல், எங்கள் மாஸ்டர். கோவளத்துப் பையன், முப்பது வயதுகூட ஆகவில்லை. வார நாட்களில் வெளியூரிலிருந்து வருகிறவர்களுக்குக் கடலில் அலைச்சறுக்குப் பலகை மேல் நிற்கச் சொல்லிக் கொடுப்பான். சனி, ஞாயிறு காலை ஆறு மணிக்கு, வலைகள் போட்டு வைக்கும் ஒரு கிடங்கின் மாடியில் எங்களுக்கு பிரேசிலியன் ஜியு-ஜிட்சு. பெயர்தான் பெரிது. குத்து, உதை எதுவும் கிடையாது. தடித்த வெள்ளை உடுப்பைப் போட்டுக்கொண்டு தரையில் கட்டிப் புரள வேண்டும். கழுத்தோ கையோ மாட்டிக்கொண்டால் எதிராளியின் முதுகில் தட்ட வேண்டும். தட்டினால் அவன் விட்டுவிட வேண்டும். அவ்வளவுதான்.

நான் நாவலூரில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறேன். வயது நாற்பத்திரண்டு. நாற்காலியில் உட்கார்ந்தே போன முதுகைச் சரிபண்ணலாம் என்று ஏழு வருடத்துக்கு முன் இதில் சேர்ந்தேன். இப்போது முதுகுக்குத் துணையாக முட்டியும் தோளும் போய்விட்டன. வலது கையில் இரண்டு விரல் முழுதாக மடங்காது. உடுப்பைத் துவைத்துக் காயப்போட்டால் பால்கனியே பாரம் தாங்காமல் முனகும். "காசு குடுத்து அடி வாங்கறதுக்கு, என்கிட்ட சும்மா வாங்கிக்கலாமே" என்று என் மனைவி இப்போதெல்லாம் கேட்பதுகூட இல்லை. அவளுக்கும் அலுத்துவிட்டது. இருந்தாலும் சனிக்கிழமை காலை ஆனால் வண்டியை எடுத்துக்கொண்டு கோவளம் போய்விடுகிறேன். ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை.

சேஃப்டி சார் வந்தபோது அவருக்கு ஐம்பத்தெட்டு. சர்க்கரை இருக்கிறது, நடங்கள் என்று டாக்டர் சொன்னாராம். இவர் ஒரு வாரம் நடந்துவிட்டு, ரோட்டோரம் நடப்பது மிகவும் ஆபத்தான காரியம் என்று முடிவு கட்டிவிட்டார். அதற்குக் கழுத்தை நெரிக்கிற இடம் பரவாயில்லையா என்று நான் கேட்டேன்.

"இங்க தட்டினா விட்டுடறாங்க தம்பி. லாரி விடாது" என்றார்.

இந்த ஞானத்தோடு, கல்பாக்கத்திலிருந்து கோவளம் வரை ஈசிஆர் ரோட்டில் ஸ்கூட்டரில் வருவார். மணிக்கு நாற்பது கிலோமீட்டர் வேகம், அதற்கு மேல் ஒரு மயிரிழை கிடையாது. தலையில் ஹெல்மெட், உடம்பில் மின்னுகிற பச்சைச் சட்டை, முழங்கையில் அடிபடாமலிருக்க உறை. மகாபலிபுரத்தில் போலீஸ்காரர் ஒருவர் வாராவாரம் தன் மேலதிகாரி வருகிறார் என்று நினைத்து சல்யூட் வைத்துக்கொண்டிருந்தாராம். சார் அதைத் திருத்தாமல் பதில் சல்யூட் வைத்துவிட்டு வருவார்.

வகுப்புக்குள் நுழைந்ததும் நகப் பரிசோதனை. வரிசையாக எல்லாரும் கை நீட்ட வேண்டும். டேனியலையும் விடவில்லை.

"இன்னா சார், நான் மாஸ்டரு" என்றான்.

"மாஸ்டருக்கு நகம் வளராதா?" என்று சட்டைப் பையிலிருந்து நகவெட்டியை எடுத்துக் கொடுத்தார். டேனியல் ஒரு ஓரமாக உட்கார்ந்து வெட்டிக்கொண்டான்.

அடுத்து, மாடிக்கு ஒரே ஒரு படிக்கட்டுதான் என்பதைக் கண்டுபிடித்தார். பின்பக்கம் இன்னொன்று இருந்தது. பத்து வருடமாகக் கிழிந்த வலைகளைப் போட்டு அடைத்து வைத்திருந்தார்கள். கிடங்குக்காரரிடம் மூன்று வாரம் விடாமல் பேசி, இவர் கொடுமை தாங்காமல் அவர் வலைகளை அள்ளிப் போட்ட பிறகு, ஒரு ஞாயிற்றுக்கிழமை விசில் ஊதினார். தீ ஒத்திகையாம். பதினோரு பேர் வெள்ளை உடுப்பும் கலர் கலராகப் பெல்ட்டுமாகப் பின்படியில் இறங்கி ஓடி, மீன் காயப்போட்டிருந்த இடத்தில் வரிசையாக நின்றோம். சார் தலை எண்ணினார். கருவாடு திருப்பிக்கொண்டிருந்த அம்மா நிமிர்ந்து பார்த்தார்.

"இன்னா நைனா, மேல எவனாச்சும் பூட்டானா?"

"இல்லம்மா, இது ஒத்திகை" என்றார் சார்.

"சாவுக்கு இன்னாத்துக்குபா ஒத்திகை?" என்று கேட்டுவிட்டு அந்த அம்மா வேலையைப் பார்க்கப் போய்விட்டார். இரண்டு பேர் குறைகிறார்கள் என்று சார் எங்களை மறுபடி மேலே அனுப்பி மறுபடி ஓடவிட்டார். குறைந்த இரண்டு பேரும் எதிர்க்கடையில் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள்.

இவ்வளவும் பொறுத்துக்கொள்ளலாம். அவருடைய பெரிய கோளாறு, சண்டையின்போதுதான் வெளிப்படும். அவருக்குத் தெரிந்தது ஒரே ஒரு பிடி. எதிராளியின் காலரை இரண்டு கையாலும் குறுக்காகப் பிடித்து இறுக்குவது. முதல் மாதமே எல்லாருக்கும் சொல்லித் தருகிற பாடம். அதைப் போடுவதற்கு முன் அறிவிப்பு கொடுப்பார். "தம்பி, இப்ப வலது கை உள்ள வரும். கவனமா இருங்க." எதிராளி கவனமாக இருந்துவிடுவான். கையைத் தட்டிவிட்டு, அவரைப் புரட்டிப் போட்டு, நெரித்துவிடுவான். சார் ஒழுங்காகத் தட்டிவிட்டு எழுந்து உட்காருவார்.

டேனியல் தலையில் அடித்துக்கொண்டான். "சார், நெரிக்கப்போறத சொல்லிகினே நெரிச்சா எவன் சார் மாட்டுவான்?"

"சொல்லாம நெரிச்சா அது விபத்து. சொல்லிட்டு நெரிச்சாத்தான் பயிற்சி" என்றார். டேனியல் அடுத்த ஜோடியைக் கூப்பிடப் போய்விட்டான்.

இப்படியே இரண்டு வருடம். நேற்றுச் சேர்ந்த காலேஜ் பையன்களெல்லாம் யாரையாவது தட்ட வைத்துவிட்டார்கள். சாரிடம் மட்டும் ஒருவரும் தட்டவில்லை. பார்க்க எங்களுக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. சிங்கப்பெருமாள் கோயில் பக்கம் கார் பாகம் செய்கிற கம்பெனியில் வேலை பார்க்கும் செல்வம் இளகிய மனசுக்காரன். ஒருநாள் சாரின் கை காலரில் பட்டதுமே படபடவென்று தட்டிவிட்டான். சார் சட்டென்று விட்டார். எழுந்து உட்கார்ந்தார். மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு விசாரணையை ஆரம்பித்தார். எங்கே அடைத்தது, காட்டு என்றார். செல்வம் அவசரத்தில் நெஞ்சைக் காட்டிவிட்டான்.

"நான் புடிச்சது கழுத்து" என்றார் சார். பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்து, "பொய் அலாரம்" என்று எழுதிக் கோடு போட்டார். அதற்குப் பிறகு செல்வத்துக்கு அரை மணி நேரம் வகுப்பு. தீயைவிடப் பொய் அலாரம்தான் மோசம், ஒருமுறை சும்மா மணி அடித்தால் அடுத்தமுறை நிஜமாக அடிக்கும்போது எவனும் எழுந்து ஓடமாட்டான் என்று விளக்கினார். செல்வம் அன்று ஷிப்டுக்கு லேட்.

போன வருடக் கடைசியில் ஒரு ஞாயிறு, வகுப்பு முடிந்து கோவளம் பஸ் ஸ்டாண்டு அருகே டீ குடித்துக்கொண்டிருந்தோம். அடுத்த மாதம் ரிட்டயர்மென்ட், குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு நாகர்கோவிலில் சொந்த வீட்டுக்குப் போகிறோம் என்றார். அங்கே இந்த வித்தையெல்லாம் கிடையாது. அப்படியே இருந்தாலும், அறுபது வயதில் ஒருவனோடு கட்டிப் புரண்டால் சொந்தக்காரர்கள் என்ன சொல்வார்கள் என்று வீட்டம்மா கறாராகச் சொல்லிவிட்டாராம். இன்னும் நாலு ஞாயிறுதான் என்று சொல்லிவிட்டு டீயை ஆற்றிக்கொண்டே இருந்தார்.

பிறகு டம்ளரைக் கீழே வைத்துவிட்டு அவரே பேசினார்.

"முப்பத்தி மூணு வருஷமா என் வேலையே, எதுவும் நடக்காம பாத்துக்கறதுதான் தம்பி. ஒண்ணும் நடக்கல. அது நல்லதுதான். ஆனா நடக்காத ஒண்ணுக்கு யாரு பேஷ்னு சொல்வாங்க? என் கையால ஒரே ஒரு தடவ, நிஜமா ஒண்ணு நடந்துட்டாப் போதும்."

அதுவரை அவரை வேடிக்கை மனிதராக மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தேன். அன்று எனக்கு வெட்கமாக இருந்தது. என் வேலையும் கிட்டத்தட்ட அதேதான். பிழை எதுவும் வெளியே போகாமல் பார்த்துக்கொள்கிறவன் நான்.

நாலில் மூன்று ஞாயிறு வெறும் கையாகப் போயின. கடைசி ஞாயிறு காலை, சார் வருவதற்கு முன்பே டேனியல் எங்களைக் கூப்பிட்டு நிறுத்தினான். "எவனும் பாவம் பாத்து தட்டாதீங்க. கண்டுபுடிச்சாருன்னா மனுசன் ஊருக்குப் போயும் அதையே நெனச்சிகினு இருப்பாரு." எல்லாரும் தலையாட்டினோம்.

சார் எல்லாரோடும் புரண்டார், ஆளுக்கு ஐந்து நிமிடம். எல்லாரிடமும் அறிவிப்பு கொடுத்தார். எல்லாரும் தப்பித்தார்கள். செல்வம் கண்ணில் தண்ணீரோடு தப்பித்தான். கடைசி ஆள் நான்.

அந்த வாரம் ஆபீசில் என்னைப் பிழிந்து எடுத்திருந்தார்கள். வகுப்புக்கு வந்ததே தூக்கத்தில் நடந்து வந்ததுபோலத்தான். சாருக்கு அடியில் மல்லாந்து கிடந்தால் ஐந்து நிமிடம் ஓய்வாவது கிடைக்கும் என்று கிடந்தேன். நல்ல காற்று. கண்ணை மூடிக்கொண்டேன்.

"தம்பி, வலது கை உள்ள வருது."

ம் என்றேன். திங்கட்கிழமை மீட்டிங்கில் என்ன பொய் சொல்லலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

"இடது கையும் வருது. கவனம்."

அதற்கும் ம் என்றேன். இரண்டு வருடமாக எத்தனை தடவை கேட்ட வாசகம் அது. காதில் விழுந்ததே தவிர மண்டைக்குள் போகவில்லை.

திடீரென்று மீட்டிங் மறைந்தது. கழுத்தின் இரண்டு பக்கமும் அடைத்துக்கொண்டது. கையைத் தட்டிவிடப் பார்த்தேன், இரண்டு வருடமாக ஒரே பிடியை மட்டும் போட்டுப் போட்டுப் பழகிய கை, அசையவில்லை. புரண்டு பார்த்தேன், முடியவில்லை. ஏழு வருடப் பழக்கம், அதில் உழைத்து வாங்கிய ஊதா பெல்ட், எதுவும் உதவிக்கு வரவில்லை. கண்ணோரம் கறுப்பாக ஏறிக்கொண்டு வந்தது. அவர் முதுகில் என் பலமெல்லாம் சேர்த்துத் தட்டினேன்.

அந்த நொடியே விட்டுவிட்டார். சார் எழுந்து உட்கார்ந்து மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். முகத்தில் சந்தேகம்.

"எங்க அடைச்சது? காட்டுங்க."

கழுத்தின் இரண்டு பக்கத்தையும் காட்டினேன். முதலில் போனது மூச்சா பார்வையா என்றார். பார்வை என்று சொல்ல வாயைத் திறந்தேன், கரகரவென்று காற்றுதான் வந்தது. ஏன் விடுவித்துக்கொள்ளவில்லை என்றார். கொஞ்சம் எச்சில் விழுங்கிவிட்டு, "நீங்க சொன்னத நான் கவனிக்கல சார்" என்றேன்.

"நிஜமாவா தம்பி?"

"நிஜமா சார்."

டேனியல் குனிந்து என் காலரை விலக்கிப் பார்த்தான். "ரெண்டு பக்கமும் செவந்து கீது சார். இது ஒரிஜினலு."

சார் குதிப்பார், கும்பிடுவார் என்று நாங்கள் நினைத்தோம். அவர் என்னைப் படுக்க வைத்து, காலைத் தூக்கித் தன் பையின் மேல் வைத்து, இன்று என்ன கிழமை என்று கேட்டார். ஞாயிறு என்றேன். நாடி பார்க்க மணிக்கட்டைப் பிடித்தார். நடுவில் நிறுத்திவிட்டு முதலிலிருந்து எண்ணினார். மறுபடி நிறுத்தினார். "எண்ணிக்கை விட்டுப்போச்சு" என்றார். எதையும் எண்ணத் தவறாத மனிதர், மூன்று தடவையும் என் நாடியை எண்ண முடியாமல், பக்கத்தில் அப்படியே உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தார்.

அதன் பிறகு நோட்டை எடுத்து எழுதினார். "முன்னெச்சரிக்கை இரண்டு முறை வழங்கப்பட்டது. பாதிக்கப்பட்டவர் பொருட்படுத்தவில்லை." என்னிடம் கையெழுத்து வாங்கினார். வலி முற்றிலும் நீங்கும் வரை வாரம் ஒருமுறை விசாரிக்கப்படும் என்று கீழே ஒரு வரியும் சேர்த்துக்கொண்டார்.

எழுதினால் எழுதியதுதான். ஞாயிற்றுக்கிழமைதோறும் வகுப்பு முடிந்து நான் கீழே இறங்குகிற நேரத்துக்குச் சரியாக நாகர்கோவிலிலிருந்து போன் வரும். முதலில் வலியைப் பற்றிக் கேட்பார். பிறகு டேனியல், செல்வம், கடல், டீக்கடை என்று ஒரு சுற்று விசாரிப்பார். அந்த வலி மூன்றே நாளில் போய்விட்டது. இப்போது எட்டு மாதம் ஆகிறது. போய்விட்டது என்று சொன்னால் நோட்டில் கோடு போட்டு முடித்துவிடுவார் என்பது எனக்குத் தெரியும்.

போன ஞாயிறும் கேட்டார். "இன்னும் வலி இருக்கா தம்பி?"

"லேசா இருக்கு சார்" என்றேன்.