மூன்று பேருக்கு ஒரு கூடாரம்

கூடாரத்தைப் பங்கருக்கு மேலே விரித்ததுதான் நேசையா மாஸ்ரர் விட்ட முதல் பிழை.

முற்றத்தில் குண்டுக்குப் பதுங்க வெட்டிய அந்தக் குழியை விட்டால் விரிக்க வேறு இடமும் இல்லை. அரியாலையில் இருந்த அவருடைய மூன்றறை வீட்டில் பதினான்கு பேர். அவர், மனைவி வினிபிரட், மகள் சீலா போக, மற்றப் பதினொரு பேரும் வினிபிரட்டின் தமையன் கிருபைரட்ணத்தின் குடும்பம். தெல்லிப்பழையிலிருந்து இடம்பெயர்ந்து, "ஒரு கிழமைதான் மச்சான்" என்று வந்து இறங்கியவர்கள். அந்த ஒரு கிழமைக்கு இப்போது ஐந்து வயது ஆகப்போகிறது.

மாஸ்ரர் கெட்டவர் அல்ல. ஆனால் கட்டின மனைவியோடு தனியாக நாலு வார்த்தை கதைத்து ஐந்து வருடம் என்றால் எந்த நல்லவனுக்கும் தலை சுற்றத்தான் செய்யும். கிணற்றடியில் கதைக்கப் போனால் கிருபைரட்ணம் வாளியோடு வருவார். பங்கருக்குள் இறங்கினால் அங்கே அவருடைய மூத்த மகன் சோதனைக்குப் படித்துக்கொண்டிருப்பான்.

அது தொண்ணூற்றைந்து மாசி. சண்டை நின்று பேச்சுவார்த்தை நடந்துகொண்டிருந்தது. மணற்காட்டுக் கடற்கரையில் இரண்டு நாள் தங்குவது என்று மாஸ்ரர் முடிவெடுத்தார். பள்ளிக்கூடத்தில் சாரணருக்குப் பொறுப்பாயிருந்த காலத்துக் கூடாரம் ஒன்று பரணில் கிடந்தது. அதில் மூன்று பேர்தான் படுக்கலாம். அவருக்கு அதில் பிடித்ததே அதுதான்.

"சீலாவுக்குக் கடல்காத்து நல்லதாம்" என்று வினிபிரட்டிடம் சொன்னார். உண்மைக் காரணத்தை எப்படிச் சொல்வது? அவளுடைய கூடப்பிறந்த அண்ணை. "அண்ணையாக்களுக்கு மட்டும் சொல்லாதையும். பிறகு பதினாலு பேருக்கும் கூடாரம் தேடவேண்டி வரும்."

"ஓம்" என்றாள் வினிபிரட், முருங்கைக்காய் வெட்டிக்கொண்டே.

ஓட்டை பார்க்க அவர் கூடாரத்தை விரித்ததும் கிருபைரட்ணம் வந்து நின்றார்.

"என்ன மச்சான், பங்கருக்கு மேலை துணி?"

"மழைத்தண்ணி இறங்காமல்தான்."

"மாசியிலை என்ன மழை? நீர் காரணமில்லாமல் ஒண்டும் செய்யமாட்டீர். றேடியோவிலை ஏதும் சொன்னவங்களோ?"

கரண்ட் இல்லாத ஊரில் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, டைனமோவைச் சுற்றி, றேடியோவில் லண்டன் செய்தி கேட்பவர் அந்த ஒழுங்கைத் தெருவில் மாஸ்ரர் ஒருவர்தான். "ஒண்டும் சொல்லேல்லை" என்றார். பொய் சொல்லிப் பழக்கமில்லாத மனிதர், உண்மையைச் சொல்லும்போதும் பொய்காரனைப்போலத் தடுமாறினார்.

புதன்கிழமை ஜெபக்கூட்டத்தில் வினிபிரட் எழுந்து நின்றாள். "எங்கடை ஒரு பயணத்துக்காக ஜெபியுங்கோ. எங்கை, ஏன் எண்டு இப்ப சொல்லேலாது."

காரணம் சொல்லாத ஜெப விண்ணப்பம் சும்மா கிடக்குமா? சபையார் கண்ணை மூடி உருக்கமாக ஜெபித்தார்கள். கண்ணைத் திறந்ததும் கதைக்கத் தொடங்கினார்கள். மாஸ்ரர் குடும்பம் ஓடப்போகிறது என்று விளக்கு வைக்க முன்னம் ஒழுங்கை முழுக்கச் செய்தி போய்ச் சேர்ந்துவிட்டது.

"உமக்கு ஆர் உதைச் சொல்லச் சொன்னது?" என்று மாஸ்ரர் மனைவியைக் கேட்டார்.

"ஜெபிக்கத்தானே கேட்டனான். ஆண்டவருக்கும் மறைக்கிறதோ?"

ஆண்டவரை இழுத்தபிறகு மாஸ்ரர் கூடாரத்தைச் சுருட்டப் போனார்.

மறுநாள் விடிய, பக்கத்து வீட்டுச் சீவரத்தினம் வாசல் படலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். "மாஸ்ரர், சாமானுகளைக் கட்டட்டோ?"

"சீச்சீ, ஒண்டும் நடக்காது!"

அதோடு விட்டிருக்கலாம். விடவில்லை. வீடு வீடாகப் போய், "ஒருத்தரும் பயப்பிட வேண்டாம், ஒருத்தரும் எங்கையும் போகத் தேவையில்லை" என்று சொன்னார். பயப்பட வேண்டாம் என்று சொல்லப்பட்ட ஒவ்வொரு முறையும் ஓடிப் பழகிய சனம் அது. அவர் வீடு திரும்புவதற்குள் அரிசி மூட்டைகளின் வாய் கட்டப்பட்டது. கோழிகளின் காலும் கட்டப்பட்டது.

கடைசியில் உண்மையைச் சொல்வதைத் தவிர வழியில்லை.

"சீவரத்தினம், கேளும். நாங்கள் மணற்காட்டிலை ரெண்டு நாள் சும்மா படுத்துக்கிடக்கப் போறம். வேறை ஒண்டுமில்லை."

"சும்மாவோ?" சீவரத்தினம் அவரைப் பரிதாபமாகப் பார்த்தார். "கல்வீடு இருக்க ஆரும் வேணுமெண்டு மணலிலை போய்ப் படுப்பினமோ? நாங்கள் மூண்டு தரம் ஓடின ஆக்கள். மரத்துக்குக் கீழை படுக்கிறது என்னெண்டு எங்களுக்குத் தெரியும்." பிறகு குரலைத் தாழ்த்தினார். "ஆனால் இடத்தைச் சொன்னது பெரிய உபகாரம் மாஸ்ரர்."

சனிக்கிழமை காலை வீடு என்றுமில்லாத அமைதியாயிருந்தது. "அண்ணையாக்கள் எங்கை?" என்று மாஸ்ரர் கேட்டார்.

"விடியவே எங்கையோ வெளிக்கிட்டுப் போட்டினம்" என்றாள் வினிபிரட்.

மாஸ்ரருக்கு வயிற்றில் பால் வார்த்ததுபோல இருந்தது. வாடகைக்குப் பேசியிருந்த ஆழ்வாப்பிள்ளையின் லான்ட்மாஸ்ரர் உழவு இயந்திரம் வந்து வாசலில் நின்று பொடபொடத்தது. கூடாரம், பானை, பாய் எல்லாவற்றையும் அதன் பின்னால் கொழுவிய இழுவைப் பெட்டியில் ஏற்றினார்கள். வினிபிரட் தனக்கென்று ஒரு மாற்றுச் சேலைகூட எடுக்கவில்லை. "மணல் ஒட்டிப்போடும்" என்றாள். ஐந்து வருடமாகப் பூட்டாத வீட்டைப் பூட்டி, திறப்பைச் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டாள்.

குடத்தனை ஊரைத் தாண்டிக் கடற்கரைச் சவுக்கு மரங்கள் தெரிந்தபோது, மரத்துக்கு மரம் சேலை கட்டியிருந்தது. அடுப்புப் புகைந்தது. சீவரத்தினத்தின் சேவல் கூவியது. அரியாலை ஒழுங்கை முழுவதும், யாருக்கு யார் பக்கத்து வீடு என்ற ஒழுங்குகூட மாறாமல், மணலில் குடியிருந்தது.

"வாரும் மச்சான், பிந்திப்போனீர்!" கிருபைரட்ணம் ஓடிவந்து கூடாரத்தை இறக்கினார். அவரே அடித்தார், அவரே புகுந்தார். "பிள்ளையளுக்குப் பனி கூடாது பாரும்." பின்னால் பத்துப் பேரும் புகுந்தார்கள். இடம் போதாத கால்கள் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன.

மாஸ்ரர் மணலில் பொத்தென்று இருந்தார். மனைவியோடு இரண்டு நாள் கதைக்க ஆசைப்பட்டு ஓர் ஊரையே கிளப்பிக் கொண்டுவந்துவிட்டேனே என்று அவருக்கு அழுகையே வந்துவிட்டது.

வினிபிரட்டும் சீலாவும் இன்னும் லான்ட்மாஸ்ரர் பெட்டியிலேயே இருந்தார்கள்.

"இறங்குமன்" என்றார்.

அவள் திறப்பு முடிச்சைத் தடவிக்கொண்டு கடலைப் பார்த்தாள். எஞ்சினை இன்னும் அணைக்காமல் நின்ற ஆழ்வாப்பிள்ளைதான் வாய் திறந்தார்.

"நீங்கள் ஏறுங்கோ மாஸ்ரர், ஆக்களெல்லாம் இஞ்சை வந்து சேர்ந்தாப்பிறகு உங்களை மூண்டு பேரையும் திருப்பி வீட்டை கொண்டுபோய் விடச்சொல்லி வினிபிரட் அக்கா போன ஞாயிற்றுக்கிழமையே சொல்லி வைச்சவ."