கட்டத்தாரின் படகில் மூன்றெழுத்து

குறுக்கெழுத்துக்காக நடுக்கடலில் படகை நிறுத்தியவர் இந்த உலகத்திலேயே ஒரே ஒருவர்தான். அவர் எங்கள் கட்டத்தார். எழுவைதீவுக்கும் ஊர்காவற்துறைக்கும் இடையே படகு ஓட்டினார். பெற்றோர் வைத்த பெயர் அவருடைய அடையாள அட்டைக்கு மட்டும்தான் தெரியும்.

நான் எழுவைதீவில் தமிழ் படிப்பித்த நாலு வருடமும் திங்கட்கிழமைகளில் இதே கூத்துத்தான். பள்ளிக்கூடம் விட்டு நாங்கள் படகில் ஏறியதும், கட்டத்தார் ஒரு கையில் சுக்கானும் மறு கையில் ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகையுமாக நிற்பார். தான் நிரப்பியது போக மிஞ்சிய கட்டங்களைப் பயணிகளிடம் உரத்துக் கேட்பார். கடைசிச் சொல்லை யார் சொல்கிறாரோ அவர் பெயரில்தான் விடை தபாலில் போகும். சரியாக எழுதியவர்களின் பெயரும் ஊரும் பிறகு பத்திரிகையில் வரும். இப்படியே தீவில் பாதிப் பேர் அச்சில் ஏறிவிட்டார்கள். கட்டத்தார் பெயர் மட்டும் ஒருநாளும் வந்ததில்லை. கேட்டால், "வள்ளம் ஓட்டுறவன் பயணக்காரனோ?" என்பார்.

கரை தெரிந்தும் சொல் கிடைக்காவிட்டால் இயந்திரத்தை நிறுத்திவிடுவார்.

"அண்ணை, பஸ் வெளிக்கிடப் போகுது!" என்று ஒருநாள் கத்தினேன்.

"பஸ் பிறகும் வரும், ரீச்சர். தபால்பெட்டியை நாலு மணிக்குத் திறந்திடுவினம். நாலெழுத்துப் பறவை, சொல்லுங்கோ."

சொல்லத் தெரிந்தால்தானே! கம்பஸில், அதாவது பல்கலைக்கழகத்தில், தமிழில் பட்டம் வாங்கியவள் நான். ஒரு கடைசிச் சொல்கூட என் வாயில் வரவில்லை. 'கடலில் பிறக்கும், தண்ணீரில் கரையும்' என்று ஒருமுறை கேட்டார். படித்த செய்யுள்களையெல்லாம் நான் கிளறிக்கொண்டிருக்க, கருவாடு விற்கும் செல்லாச்சி அக்கா கொட்டாவி விட்டபடி "உப்பு" என்றார். அவர் பெயர் நாலு தடவை வந்துவிட்டது.

"ரீச்சர், கம்பஸில உப்புப் போட்டுச் சமைக்கிறேல்லையோ?" என்று கேட்டார் செல்லாச்சி அக்கா.

படகே சிரித்தது. நானும் சிரித்தேன், ஆனால் உள்ளுக்குள் எரிந்தது. ஒருமுறையாவது என் பெயரை அச்சில் பார்த்துவிட வேண்டும் என்ற ஆசை என்னைப் பிடித்து ஆட்டியது. ஞாயிறன்றே பத்திரிகை வாங்கி மண்டையை உடைத்துக்கொண்டும் போனேன். எனக்குத் தெரியாத கட்டங்கள்தாம் அவருக்கும் மிஞ்சின.

வவுனியாவுக்கு மாற்றம் வந்தது. கடைசித் திங்களன்றும் கட்டத்தார் பத்திரிகையை விரித்தார்.

"ஒண்டுதான் மிச்சம். மரத்தில ஓடும், முதுகில மூண்டு கோடு. மூண்டெழுத்து. எனக்கெண்டால் பிடிபடேல்லை," என்றார், கடலைப் பார்த்துக்கொண்டு.

படகில் நாற்பது பேர். ஒருவரும் வாய் திறக்கவில்லை. வேலைக்கு வந்து ஒரு கிழமையே ஆன மருத்துவமாது மட்டும் விஷயம் தெரியாமல் "அ..." என்று தொடங்கினார். செல்லாச்சி அக்கா கருவாட்டுக் கையால் அவருடைய வாயைப் பொத்தினார். இயந்திரம் நின்றது.

"ரீச்சருக்குத் தெரியுமோ?"

"அணில்," என்றேன்.

"கம்பஸ் படிப்பெண்டால் படிப்புத்தான்!" என்றார் செல்லாச்சி அக்கா.

இரண்டு ஞாயிறு கழித்து வவுனியாவில் பத்திரிகையைப் பிரித்தேன். என் பெயர் இருந்தது. பக்கத்தில் ஊர், எழுவைதீவு. பார்த்ததும் அழுதுவிட்டேன். நான் பிறந்தது பருத்தித்துறையில். ஆனாலும் கட்டத்தார் எழுதியதில் எனக்கு ஒரு பிழையும் தெரியவில்லை.